உணவை அறியும் கல்வி

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது. இக்கால் நூற்றாண்டில் நம்மிடையே ஆசிரியர்கள் தோன்றியுள்ளனர், செவிலியர் தோன்றியுள்ளனர், வழக்கறிஞர்களும் பொறியாளர்களும் அரசு அலுவலர்களும் தோன்றியுள்ளனர். மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவு வந்தவுடன், "பிள்ளையை எதில் சேர்க்கலாம்?" என்று கேட்டுப் பெற்றோர் பலர் நம் சங்கத்தை நாடுகின்றனர். மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியம், ஆசிரியப் பயிற்சி என்னும் ஐந்தாறு பெயர்களுக்குள் அவர்தம் வினா சுற்றி வந்து நின்றுவிடுகிறது. ஊட்டச்சத்தியலும் உணவுமுறையியலும் பல்கலைக்கழகப் பட்டத்திற்குரிய பாடங்கள் என்பதை அறிந்து கேட்போர் மிகச் சிலரே. அறிந்தவரிலும், "சமைக்கக் கற்றுக்கொள்ளக் கல்லூரிக்குப் போக வேண்டுமா?" என்று நகைப்போர் உளர். அந்நகைப்புக்கு விடை கூறுவதும், அப்படிப்பு நம் சமுதாயத்திற்கு ஏன் இன்றியமையாதது என்று விளக்குவதுமே இவ்வுரையின் நோக்கமாகும்.

இத்துறையின் வரலாறு

உண்ட உணவு உடலில் என்னவாகிறது, எவ்வுணவில் எச்சத்து எவ்வளவு உள்ளது, யாருக்கு எவ்வளவு வேண்டும், குறைந்தால் எந்நோய் வரும் என்று ஆராய்வது ஊட்டச்சத்தியல். அவ்வறிவைக் கொண்டு நலமுள்ளோர்க்கும் நோயுற்றோர்க்கும் உணவைத் திட்டமிட்டுத் தருவது உணவுமுறையியல். இவ்விரண்டும் வேதியியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றின் மேல் எழுந்த அறிவியல் துறைகளாகும்.

இந்தியாவில் இத்துறையின் ஆராய்ச்சி நம் மாநிலத்தில்தான் வேரூன்றியது. 1918இல் குன்னூர்ப் பாஸ்டர் ஆய்வகத்தில் ஓர் அறையில், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது.

அவர்கள் ஆராய்ந்த பெரிபெரி நோயில் நம் மாணவர் கற்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து உயிரைக் குடிக்கும் அந்நோய், தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்ட வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் மிகுதியாக இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் அரிதாக இருந்தது. காரணம் என்ன? நெல்லை ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு தயாமின் என்னும் உயிர்ச்சத்து நீங்கிவிடுகிறது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்குகிறது. வெள்ளை வெளேரென்ற பச்சரிசி செல்வத்தின் அடையாளமாகவும், பழுப்பேறிய புழுங்கலரிசி ஏழையின் சோறாகவும் கருதப்பட்ட காலத்தில், ஏழையின் சோறே உயிரைக் காத்தது. உணவின் மதிப்பை ஊரார் வழங்கும் பெருமையால் அளக்கலாகாது. ஆய்வினால் அளக்க வேண்டும் என்பதே அச்செய்தி.

1937இல் ஐக்ராய்டு என்னும் இயக்குநரின் முயற்சியால் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை வெளியாயிற்று. அதனைத் தொடர்ந்து திருத்தி வளர்த்தோருள் தலையாயவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் (1918–2019). ஏழைக் குழந்தைகளின் மெலிவுக்குப் புரதக் குறைவு ஒன்றே காரணம் என்று கருதி, விலையுயர்ந்த புரத மாவுகளைப் பலர் பரிந்துரைத்து வந்தனர். அக்குழந்தைகள் உண்ணும் உணவின் அளவே போதவில்லை. அவர்கள் உண்ணும் தானியமும் பருப்புமே வயிறார கிடைக்குமாயின் பெரும்பகுதிக் குறை தீரும் என்று அவரும் அவருடன் உழைத்தோரும் எடுத்துக்காட்டினர். வறுமையை நோயாக மட்டும் காணாமல் வறுமையாகவே கண்ட அறிவியல் அது.

உணவும் நம் வரலாறும்

உணவும் நீரும் இந்நாட்டில் வெறும் உணவாகவும் நீராகவும் இருந்ததில்லை என்பது நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் நீர் மொண்டு அருந்தியது ஒரு பெரும் போராட்டமாயிற்று. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை எதிர்த்து நம் மக்கள் நடத்திய போராட்டங்களும் அவ்வழியில் வந்தவையே. யார் சமைத்ததை யார் உண்பது, யார் பாத்திரத்தை யார் தொடுவது என்பதில்தான் சாதி தன் காவலை மிகக் கடுமையாக வைத்துள்ளது.

பள்ளி உணவின் வரலாற்றையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு வழங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநில அளவில் தொடங்கியது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பின்னர் முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது. நம் சேரிகளிலிருந்து பள்ளிக்குச் சென்ற தலைமுறைகள் பலவற்றுக்கு அந்த ஒருவேளைச் சோறே புத்தகத்தைத் திறக்கும் வலிமையைத் தந்தது.

ஒரே பந்தியில் எல்லாப் பிள்ளைகளும் அமர்ந்து உண்பது வயிற்றை மட்டுமன்றி மனத்தையும் வளர்க்கும். இதனை உணர்ந்தே உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், பள்ளி உணவுக்குச் சமையலரையும் உதவியாளரையும் அமர்த்தும்போது பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று கூறியது. ஆயினும் 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளியொன்றில், நம் சமுதாயப் பெண்மணி சமைக்கக் கூடாதென்று சாதி வெறியர் சிலர் தடுத்தனர். அவரை இடம் மாற்றிய ஆணை, எதிர்ப்பு எழுந்தபின் இரத்தாயிற்று; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. அகப்பை பிடிக்கும் கையைக்கூடத் தடுக்கும் நாட்டில், எவ்வுணவு எவ்வளவு வழங்கப்பட வேண்டும் என்று திட்டமிடும் இருக்கையில் நம்மவர் எத்தனை பேர் அமர்ந்துள்ளனர் என்பதை எண்ணிப் பாருங்கள். சமைக்கும் உரிமைக்காகப் போராடிய நாம், திட்டமிடும் தகுதியையும் பெற்றாக வேண்டும்.

வெட்கமும் மதிப்பும்

நம் உணவைப் பற்றி நாமே கொண்டுள்ள எண்ணத்தையும் இவ்விழாவில் மனம் திறந்து பேச வேண்டியுள்ளது. மகாடு மாநாட்டில் அண்ணல் அவர்கள், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுமாறு மக்களை வலியுறுத்தினார்கள். தன்மானம் கருதியும் உடல்நலம் கருதியும் அது முற்றிலும் சரியான அறிவுரை. நோயால் மடிந்த விலங்கின் இறைச்சியால் அடைப்பான் முதலிய கொடுநோய்கள் மனிதரைப் பற்றும். அதனை நம் முன்னோர் விரும்பி உண்டாரல்லர். வேறு எதுவும் கிடைக்காதபடி செய்யப்பட்டதால் உண்டனர்.

ஆனால் அதனோடு சேர்த்து, நம்மவர் உண்ட அனைத்துமே இழிந்தவை என்னும் எண்ணமும் சிலரிடம் புகுந்துவிட்டது. கேழ்வரகுக் கூழைக் குடிப்பது வெட்கம். வயல் நண்டும் நத்தையும் வெட்கம். ஈரலும் இரத்தப் பொரியலும் வெட்கம். மாட்டிறைச்சி என்று சொல்லவே வெட்கம். வேலியோரத்துக் கீரையைப் பறிப்பது வெட்கம். அவ்விடத்தில் வந்து அமர்ந்தவை எவை? தீட்டிய வெள்ளையரிசிச் சோறும், சர்க்கரை மிகுந்த தேநீரும், பொட்டலத்தில் வரும் உப்பும் எண்ணெயும் நிறைந்த நொறுக்குத் தீனியுமே.

சத்து அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். நூறு கிராம் தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச் சத்து பத்து மில்லிகிராம் அளவுக்கு மேல் இல்லை. நூறு கிராம் கேழ்வரகிலோ 340 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சியில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ இருபது கிராம் புரதம் உண்டு. ஈரலிலும் இரத்தத்திலும் உள்ள இரும்புச்சத்து, தாவர உணவிலுள்ள இரும்பைவிட உடலில் எளிதாகச் சேரும். இவ்வட்டவணையில் சாதிக்கென்று ஒரு பத்தி இல்லை. வெண்டைக்காய்க்கும் வெள்ளாட்டு ஈரலுக்கும் ஒரே அளவுகோல்தான். ஊட்டச்சத்தியலைக் கற்ற நம் மகளோ மகனோ, பழமை என்பதற்காக எதையும் போற்ற மாட்டார்; பிறர் இகழ்ந்தார் என்பதற்காக எதையும் தள்ளவும் மாட்டார். கொள்ள வேண்டியதையும் தள்ள வேண்டியதையும் கணக்கிட்டுச் சொல்வார்.

அக்கணக்கு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நலமுள்ள ஒருவர்க்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்மணிக்கு ஏறத்தாழ 46 கிராம் ஆகிறது. அவர் ஒரு நாளில் 300 கிராம் அரிசியை உண்டால் அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 24 கிராம். எஞ்சிய 22 கிராமுக்கு என் செய்வது? ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் ஒன்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டில் ஏழெட்டுக் கிராம். கணக்கு நேராகிவிட்டது. இரத்தக் கொதிப்பு உள்ளவராயின் கருவாட்டு உப்பை நினைந்து, அவ்விடத்தில் புது மீனையோ பருப்பையோ வைக்க வேண்டும். விலை மிகுந்த சத்து மாவுக் குப்பி எதுவும் இக்கணக்கில் வரவில்லை என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

நம் உடல்நிலை

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையோர் என்று கூறுகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் இந்தியாவில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் 25 பேர். பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இக்குறை பிறரைவிட மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டுகிறது.

இரத்தச் சோகை என்பது ஏட்டில் உள்ள சொல்லன்று. கருவுறாத பெண்ணின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவாகவும், கருவுற்ற பெண்ணிடம் 11 கிராமுக்குக் குறைவாகவும் ஈமோகுளோபின் இருப்பதே இரத்தச் சோகை. அதனால் நடவு வயலில் மூச்சு வாங்குகிறது. வகுப்பறையில் மாணவிக்குத் தலை சுற்றுகிறது. மகப்பேற்றின்போது சிறிது இரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து நேர்கிறது. "சோம்பேறிப் பெண்" என்று நாம் வைத மகளிர் பலர், உண்மையில் இரும்புச்சத்தின்றி வாடியவர்கள். சோற்றோடு தேநீர் அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறைகிறது என்பதும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துண்டால் கூடுகிறது என்பதும் ஒரு காசு செலவில்லாத அறிவு. அவ்வறிவு நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

மற்றொரு கணக்கும் உண்டு. அதே 2020 பரிந்துரைப்படி, உட்கார்ந்து பணி செய்யும் ஆண்மகனுக்கு ஒரு நாளைக்கு 2,110 கிலோ கலோரி போதும். கடும் உழைப்பாளிக்கு 3,470 வேண்டும். கடும் உழைப்புடைய பெண்ணுக்கு 2,720 வேண்டும். மிகுதியாக உண்ண வேண்டியவர் உழைப்பவரே என்று அறிவியல் கூறுகிறது. ஆனால் நெல்லை அறுத்தவர் வீட்டில் குறையவும், நெல்லை எண்ணியவர் வீட்டில் நிறையவும் உண்ணும் முறையைத்தான் நூற்றாண்டுகளாகக் கண்டோம்.

இப்பழைய பசி அடுத்த தலைமுறையையும் விடுவதில்லை. கருவில் சத்துக் குறைந்து, 2.5 கிலோவுக்குக் குறைவான எடையோடு பிறக்கும் குழந்தை, வளர்ந்தபின் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் எளிதில் இரையாகும் என்னும் கருத்தை இங்கிலாந்து நாட்டு மருத்துவர் டேவிட் பார்க்கர் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் பலவும் அதற்கு வலுவூட்டின. "பணக்கார நோய்" என்று நாம் எண்ணியிருந்த சர்க்கரை நோய் இன்று நம் குடிசைகளிலும் புகுந்ததற்கு ஒரு காரணம் இதில் உள்ளது. ஒருபுறம் இரத்தச் சோகை, மறுபுறம் நீரிழிவு; ஒரே வீட்டில் மகளுக்கு ஒன்றும் தாய்க்கு மற்றொன்றும் என்னும் நிலை. இவ்விரண்டையும் ஒருசேர அறிந்து, நம் வருவாய்க்கும் நம் அடுப்புக்கும் ஏற்ற உணவைக் கூறும் வல்லுநர் நம் தெருவில் ஒருவரேனும் வேண்டாவா?

படிப்பும் அதன் பாடங்களும்

மேனிலை வகுப்பில் அறிவியல் பிரிவில் பயின்றோர் இளநிலைப் பட்டத்தில் சேரலாம். மனையியலைப் பாடமாகக் கொண்டோர்க்கும் கல்லூரிகள் பலவற்றில் இடமுண்டு. பட்டத்தின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும்: ஓரிடத்தில் "ஊட்டச்சத்தும் உணவுமுறையியலும்" என்றும், ஓரிடத்தில் "உணவு அறிவியலும் ஊட்டச்சத்தும்" என்றும், ஓரிடத்தில் உணவு நிருவாகத்தையும் சேர்த்தும் வழங்கும். விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டுப் படியுங்கள். மருத்துவமனையில் பணியாற்ற விரும்புவோர், நோய்க்குரிய உணவுமுறையும் மருத்துவமனைப் பயிற்சியும் அப்பாடத்திட்டத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூரில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதல்வராகவும் துணைவேந்தராகவும் விளங்கிய இராசம்மாள் தேவதாசு அம்மையார், இத்துறையை நம் மாநிலத்தில் வளர்த்தோருள் முதன்மையானவர். இன்று அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் இப்பாடம் பரவியுள்ளது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமாயின் அதையே முதலில் நாடுங்கள். கட்டணம் மிகக் குறைவு.

முதலாண்டில் உடலியங்கியலும் வேதியியலும் வரும். அடுத்து உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு அறிவியல், புள்ளியியல், சமுதாய ஊட்டச்சத்து ஆகியவை வரும். பின்னர் நோய்க்குரிய உணவுமுறை. சிறுநீரக நோயாளிக்குக் காய்களை நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து அந்நீரை ஏன் வடித்துவிட வேண்டும்? பொட்டாசியத்தைக் குறைப்பதற்காக. நீரிழிவாளர்க்குச் சோற்றை அடியோடு நிறுத்தாமல், அளவைக் குறைத்துப் பயறும் காயும் ஏன் கூட்ட வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடையை மாணவர் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்கின்றனர்.

இடர்களும் உள்ளன; மறைக்க விரும்பவில்லை. தமிழ்வழி பயின்று வந்தோர்க்கு முதல் ஆறு மாதம் ஆங்கிலக் கலைச்சொற்கள் மலைபோல் தோன்றும். ஒரு தனிக் குறிப்பேட்டில் சொல்லையும் பொருளையும் நாள்தோறும் பத்தாக எழுதிவந்தால், அம்மலை ஒரு பருவத்தில் கரைந்துவிடும். செய்முறை வகுப்புக்குப் பொருள் வாங்கவும் பதிவேடு எழுதவும் வெள்ளை மேலங்கி தைக்கவும் செலவாகும். அதனைச் சேரும்போதே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இடர் நுட்பமானது. பாடநூல்களின் மாதிரி உணவுப் பட்டியல்களில் பாலும் நெய்யும் பாலாடைக்கட்டியும் தாராளமாக வரும். கூழும் கருவாடும் குடலும் வருவதில்லை. "உங்கள் வீட்டில் என்ன உண்பீர்கள்?" என்று வகுப்பில் கேட்கும்போது நம் மாணவி தலைகுனிந்து, உண்ணாத உணவின் பெயரைச் சொல்ல நேர்கிறது. அம்மாணவிக்கு நாம் கூறுவது இதுதான்: தலைகுனிய வேண்டா. உன் வீட்டு உணவின் பெயரைச் சொல். அதன் சத்தை அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டு. குறை இருப்பின் குறையையும் சொல். பட்டியலில் இல்லாத உணவு உன் ஆய்வுக்குரிய பொருளாகட்டும். மற்றவர் எழுதாததை எழுத வேண்டியவர் நாமே.

இஃது ஆண்களுக்குரிய படிப்பன்று என்னும் எண்ணமும் தவறானது. உணவுச் சத்தை ஆராய்ந்த மெக்காரிசனும் ஐக்ராய்டும் கோபாலனும் ஆடவரே. சில கல்லூரிகள் மகளிர்க்கு மட்டும் உரியவை. இருபாலரும் பயிலும் கல்லூரிகளில் நம் இளைஞர்களும் தயங்காது சேர வேண்டும்.

உதவித்தொகையும் பணியும்

பள்ளிக் கல்விக்குப் பிந்திய உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்க்கென 1944இல் தொடங்கப்பெற்றது. வைசிராய் ஆட்சிக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் இடம் பெற்றிருந்த காலம் அது. அது சலுகையன்று; போராடிப் பெற்ற உரிமை. கட்டணமும் பராமரிப்புத் தொகையும் அதில் அடங்கும். குடும்ப வருமான வரம்பு உண்டாகையால், அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் மேனிலைத் தேர்வு முடியும் முன்பே அணியப்படுத்தி வைத்தல் நலம். சான்றிதழ் தாமதத்தால் இடத்தை இழந்தோர் பலர். ஆதிதிராவிடர் நல விடுதிகளும் உள்ளன. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு 2022இலும், மாணவர்க்கு 2024இலும் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. இவற்றுள் எவை தமக்குப் பொருந்தும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் தயங்காது கேளுங்கள்.

பணி பற்றி உள்ளதை உள்ளவாறே கூறுவோம். தனியார் மருத்துவமனைகளில் தொடக்க ஊதியம் குறைவாகவே இருக்கும். இளநிலைப் பட்டத்தோடு நிற்போர்க்கு வாய்ப்பும் குறுகும். முதுநிலைப் பட்டம், மருத்துவமனைப் பயிற்சி, 1963இல் நிறுவப்பெற்ற இந்திய உணவுமுறையியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வு ஆகியவற்றைக் கடந்தோர்க்கு மதிப்பு மிகும். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைமருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்தில் உணவுமுறை வல்லுநரும் இடம்பெற்றுள்ளனர். ஆகவே முறையாகப் பயின்று பதிவு பெறுவது இனி மேலும் இன்றியமையாததாகும்.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அலுவலர் பதவிகளுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தும்போது, மனையியல், ஊட்டச்சத்தியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்க இயலும். அங்கன்வாடி மையங்களில் எடை குறைந்து நிற்கும் குழந்தைகளில் நம் குழந்தைகள் எத்தனை பேர் என்பதை நினைத்தால், அப்பதவியின் அருமை விளங்கும். கல்லூரி ஆசிரியராக விரும்புவோர்க்குத் தேசியத் தகுதித் தேர்வில் மனையியல் ஒரு பாடமாக உள்ளது. ஆய்வு செய்வோர்க்குப் பட்டியல் சாதியினர்க்கான தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு.

சங்கத்திற்கும் இளைஞர்க்கும்

மருத்துவ அறிவு நமக்குப் புதியதன்று. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர். "தமிழன்" இதழை நடத்திய அதே கையால் மருந்தும் கொடுத்தவர். நம் தெருக்களின் மருத்துவச்சிகள், எந்தச் சாதிப் பிள்ளையாயினும் பேறு பார்த்தனர். நம்மிடம் இருந்த அறிவுக்குப் பட்டம் இல்லை. பட்டம் பெறும் வாய்ப்பை நமக்குத் தந்தாரும் இல்லை. இன்று வாய்ப்பு வாயிலில் நிற்கிறது.

வெள்ளி விழாவின் நினைவாகச் சங்கத்திற்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். சங்க நூலகத்தில் உணவுச் சத்து அட்டவணை நூலும் மனையியல் பாடநூல்களும் இடம்பெறட்டும். ஓர் எடைப் பொறியும் உயரம் அளக்கும் கோலும் வாங்கி, திங்கள்தோறும் ஒருநாள் நம் குழந்தைகளை அளந்து பதிவு செய்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையோடு, ஆண்டுக்கு இருமுறை நம் பெண்கள் அனைவர்க்கும் ஈமோகுளோபின் சோதனை நடக்கட்டும். கல்லூரி சேரும் மாணவர்க்குச் செய்முறை வகுப்புச் செலவுக்கென ஒரு சிறு நிதி ஒதுக்குவோம். முன்னர் பயின்றோர் பின்னர் வருவோர்க்குப் பதிவேடுகளையும் நூல்களையும் கைமாற்றித் தரும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். இவற்றுள் எதுவும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

பெற்றோரை வேண்டுவது ஒன்றே. வீட்டில் ஆணுக்குப் பின் பெண்ணும், அனைவர்க்கும் பின் தாயும் உண்ணும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். சட்டியின் அடியில் எஞ்சியதே தாயின் பங்கு என்றிருக்கும்வரை, பிறக்கும் பிள்ளையின் எடை உயராது. இதற்குக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே! பசியை நாம் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர், உடலால் அறிந்தவர்கள். உடலால் அறிந்த ஒன்றை அறிவாலும் அறிந்தவன் சொல்லும் சொல்லுக்கு ஆட்சியாளரும் செவி சாய்த்தே ஆக வேண்டும். சத்துணவின் அளவு குறையும்போது, "குறைந்தது" என்று முறையிடுவது ஒருநிலை. "இத்தனை கிராம் பருப்புக் குறைந்தது, இத்தனை கிராம் புரதம் இழந்தோம்" என்று எழுதிக் கையெழுத்திடுவது மற்றொரு நிலை. இரண்டாம் நிலைக்கு நம் பிள்ளைகள் வர வேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் நிறையும் பொன்விழாவில், இம்மேடையில் நின்று இப்பொருள் பற்றிப் பேசுவோர் அத்துறையில் பட்டம் பெற்ற நம் ஊர்ப் பெண்ணாகவோ ஆணாகவோ இருக்க வேண்டும் என்பது நம் அவா. அதற்குரிய விண்ணப்பப் படிவம் வரும் வைகாசியிலேயே நிரப்பப்பட வேண்டும்.